‘தெ’ என்று ஒரு கட்டம்

அடுத்த வீட்டில் இரண்டு நாளாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். மாடியில் இரண்டு அறை எழுப்பி, திருப்பதி மலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறார்களாம். காலையில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், தின்னர் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். மற்றவர்களுக்கு அது தின்னர். எனக்கு அது ஜைலீன், நம் லேப், நீ.

எலியின் குடலை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, அந்த மெழுகைக் கரைக்க ஜைலீனில் முக்கி எடுப்பது உன் வேலை. அந்தத் தகடுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துச் செல்களை எண்ணுவது என் வேலை. சாயங்காலம் கை கழுவி முகம் கழுவிப் புறப்பட்டாலும் வாசனை நம்மோடு ரயிலேறும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து போவார்கள். “பாத்தியாக்கா, இந்த நாத்தத்துக்கே நமக்கு சீட்டு கெடைக்குது” என்று நீ காலை நீட்டிக்கொள்வாய்.

ஜன்னலைச் சாத்தினேன். இடுக்கில் திணிக்கப் பழைய துணி தேடி மேஜை டிராயரை இழுத்தேன். உள்ளே அந்த மஞ்சள் கவுன்ட்டர். விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டு, கோவிந்த நாமம் சொல்கிறவர்கள் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கி எண்ணிக்கொண்டு போவார்களே, அதுதான். அது அங்கே இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எட்டு மாதமாக அந்த டிராயரைத் திறக்காமல் இருந்தேன். இன்றைக்கு வாசனையில் மறந்துவிட்டேன்.

நான் திருத்தணிக்காரி. வேலூரில் படித்து முடித்து, கையில் ஒரு டாக்டர் பட்டத்தையும் மூக்கு நுனியில் கோபத்தையும் வைத்துக்கொண்டு திருப்பதிக்கு வேலைக்கு வந்தவள். நீ நகரிக்காரி. உன் நைனா பவர்லூம் ஓட்டினார். தெலுங்கு மீடியத்தில் படித்து, பக்கத்து ஊர் எக்ஸ்ரே சென்டர் ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு லேபுக்கு டெக்னீஷியனாக வந்தாய். என்னைவிட நாலு வயது சின்னவள்.

காலையில் வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டையில் ரயில் நின்றதும் நான் உனக்குப் போன் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்த ஸ்டேஷன் நகரி. நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப அதுவே நேரம். “எங்க வந்துக்கினு கீற?” என்பாய். பேட்டை என்று சுருக்கமாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாய். முழுப் பேரையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன், நீ சிரித்துக்கொண்டே போனை வைப்பாய்.

லேபில் என்ன செய்கிறோம் என்று ரயிலில் யாராவது கேட்டால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என்னிடம் இருந்ததெல்லாம் கருத்தரங்கில் பேசுகிற பாஷை. நீதான் சொல்வாய். மலையடிவாரத்தில் பூ விற்கப் போகும் அம்மா ஒருவருக்கு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “கொடலுக்குள்ள ஊசி குத்தின மாதிரி குட்டிகுட்டியா குழி கீதும்மா. குழிக்கு அடில தாய் செல்லுங்க உக்காந்துக்கினு கீது. அதுங்க பெத்துப் பெத்து மேல அனுப்பிக்கினே இருக்கும். நீ இன்னிக்கு துன்ற சோறு தொடற தோலு, வர்ற வாரம் இருக்காது. எல்லாம் புதுசு.” அந்த அம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இன்று கல்லூரியில் நான் எடுக்கும் பாடம் இதேதான், கொஞ்சம் இலக்கணம் சேர்த்து.

பெரிய அளவில் கதிர்வீச்சு பட்டால் குடல் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நமக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி வேறு. ஒன்றிரண்டு ஸ்கேனில் படுகிற மாதிரி கொஞ்சூண்டு பட்டால் அந்தத் தாய் செல்கள் என்ன செய்யும்? அவை செய்தது நம் இருவரையும் அசர வைத்தது. உடம்பில் வேறு பல செல்கள் அடிபட்டால் ஒட்டுப்போட்டுக்கொண்டு பிழைத்துவிடும். சிறுகுடல் குழியின் அடியில் இருப்பவற்றில் சில, லேசாகப் பட்டாலே, ஒட்டுப்போடக்கூட நிற்காமல் சில மணி நேரத்தில் தாமே செத்துப்போகும். உட்கரு சுருங்கிக் கறுத்து, கடுகு சிதறின மாதிரி உடையும். பக்கத்துச் செல் அந்தத் துண்டுகளை விழுங்கிவிடும். அப்புறம் பார்த்தால் தடயமே இருக்காது, குழி எப்போதும்போல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

கெட்டுப்போன ஒன்று பெருகி வீட்டையே கெடுப்பதற்குப் பதிலாகத் தானே விலகிக்கொள்கிறது என்று நான் விளக்கினேன். “ரோஷக்கார செல்லு” என்று பேர் வைத்தாய். பெருங்குடலில் உள்ளவை அப்படி எளிதில் சாகாது, அடியை வாங்கிக்கொண்டு நிற்கும், அங்கே புற்றுநோய் அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் அது ரோஷம் கெட்டது என்றாய். அதற்குப் பிறகு லேபில் திட்டு வாங்கியும் சிரித்துக்கொண்டு நிற்பவர் யாராக இருந்தாலும் அவர் பெருங்குடல்தான். என்னைச் சிறுகுடல் என்று நீ முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும்.

செத்த செல்லை எண்ணுவது கேட்கத்தான் சுலபம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். கறுத்து நிற்பதெல்லாம் செத்தது இல்லை. இரண்டாகப் பிரியப்போகிற செல்லும் கறுத்துத்தான் நிற்கும். சீவல் சாய்வாக விழுந்திருந்தால் உயிருள்ளதே செத்தது மாதிரி தெரியும். எந்தத் தகடு எந்த எலியுடையது, அதற்கு எவ்வளவு டோஸ் என்று எண்ணுகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. அதனால் நம் லேப் பேராசிரியர் அந்தப் பட்டியலை உறையில் போட்டு ஒட்டித் தன் பீரோவில் வைத்திருந்தார். ஆனால் மாதக்கணக்காக எண்ணுகிறவளுக்கு ஒரு வாடை தெரியாமல் போகுமா? சந்தேகமான செல் வந்தால், இது கதிர்வீச்சு பட்ட எலியாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லும். நான் ‘செத்தது’ கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுவேன்.

சரிபார்ப்பதற்காக அதே தகடுகளை நீயும் எண்ணினாய். ஒரு மத்தியானம் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாய். “மேடம், இந்தத் தகட்டுல நெறைய செத்துக்கீதுன்னு எழுதிக்கீறீங்க. எனக்கு அதுல பாதி தெரியல.” தெரியவில்லை என்றால் நன்றாகப் பார் என்றேன். பார்த்துவிட்டேன், இன்னும் தெரியவில்லை என்றாய். நோட்டில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது, உயிருள்ளது, செத்தது. தெரியவில்லை என்று மூன்றாவது கட்டம் எந்த லேபிலும் கிடையாது என்று கத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்றும் சொல்லிவிட்டேன். இப்போது எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. அன்று சாயங்காலம் நீ என்னோடு ஸ்டேஷனுக்கு வரவில்லை. மறுநாள் காலை பேட்டையிலிருந்து நான் போன் செய்யவில்லை.

லீவு போட்டிருப்பாய் என்று நினைத்தேன். எனக்கு முன்னாலேயே வந்து மைக்ரோஸ்கோப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். முந்தின சாயங்காலம் கோவிந்தராஜசாமி கோயில் தெருவுக்குப் போய் மூன்று கவுன்ட்டர் வாங்கியிருக்கிறாய். பச்சை உயிருள்ளதற்கு, சிவப்பு செத்ததற்கு. மஞ்சளை என் விரலில் நீயே மாட்டினாய். “இது தெரியலைக்கு” என்றாய். “கடைக்காரரு எத்தினி கோடி நாமம் சொல்லப் போறீங்கன்னு கேக்கறாரு. எலி கொடலுக்குன்னு சொல்லியிருந்தா அடிச்சே இருப்பாருக்கா.” அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னை அக்கா என்றாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வராமல் உனக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நோட்டில் மூன்றாவது கட்டம் வந்தது. தலைப்பில் ‘தெ’ என்று மட்டும் எழுதினோம், என் பக்கங்களில் தமிழில், உன் பக்கங்களில் தெலுங்கில். தெரியல என்றாலும் தெலீது என்றாலும் முதல் எழுத்து ஒன்றுதானே. பேராசிரியர் தெலுங்குக்காரர். இது என்ன கட்டம் என்று உன்னைக் கேட்டார். “தெலீது சார்” என்றாய். தெரியாமலா கட்டம் போட்டாய் என்று அவர் கோபப்பட, தெலீது என்பதுதான் சார் அந்தக் கட்டத்தின் பேர் என்று நீ சொல்ல, அவருக்கு விளங்க ஐந்து நிமிஷம் ஆனது.

எல்லாத் தகடுகளையும் முதலிலிருந்து மறுபடி எண்ணினோம். உறையைப் பிரித்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. டோஸ் ஏற ஏறச் செத்த செல்களும் ஏறின, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் குறைந்த டோஸ் வாங்கிய எலிகளிடம்தான் மஞ்சள் அதிகமாக இருந்தது. என் பழைய வழக்கப்படி எழுதியிருந்தால் அதெல்லாம் செத்ததில் சேர்ந்து, அந்தத் துளி டோஸே குடலைப் புரட்டிப் போடுகிறது என்று அறிவித்திருப்போம். அந்த அளவில் என்ன நடக்கிறது என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் எழுதினோம். கட்டுரை ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் உன் பேரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். நீ அதை ரயிலில் எல்லோருக்கும் காட்டினாய். கடைசியாக எண்ணிய தகட்டில் மஞ்சள் ஒன்பதில் நின்றது. அந்த ஒன்பதை அழிக்காமல், ஞாபகத்துக்கு என்று கைப்பையில் போட்டுக்கொண்டாய்.

எக்ஸ்ரே சென்டர் கதையை நீ சொன்னதும் அந்த நாட்களில்தான். அங்கே வேலை பார்க்கிறவர்கள் மேல் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும். தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று உன் முதலாளி அதைப் பத்திரமாக முன்னறையில் சாமி காலண்டர் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தாராம். ஆயுதபூஜை அன்று மெஷினுக்கு வைத்த சந்தனம் குங்குமத்தை அதற்கும் வைத்தார்களாம். ரிப்போர்ட் ஒவ்வொரு தடவையும் சுத்தமாக வந்தது. வராமல் என்ன? எக்ஸ்ரே அறைக்குள்ளே, கதிரைத் தடுக்கிற ஈய ஏப்ரன் கிழிந்து தொங்கியது. அழுகிற குழந்தைகளை அசையாமல் பிடிக்க ஆள் இல்லாதபோது நீயே நின்று பிடித்தாய். “சாமி எவ்ளோ வாங்கினாருன்னு ரிப்போர்ட் கீதுக்கா. நான் எவ்ளோ வாங்கினேன்னுதான் இல்ல.” நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ப்ராஜெக்ட் முடிந்தது. எனக்குத் திருப்பதியிலேயே கல்லூரி வேலை கிடைத்து வீட்டையும் இங்கே மாற்றிக்கொண்டேன். உன் வீட்டுக்காரருக்குச் சித்தூருக்கு மாற்றலாகி நீயும் போனாய். போன் பேச்சு மெல்லக் குறைந்தது. பிறகு ஒருநாள் உன் வீட்டுக்காரர் பேசினார். மாதக்கணக்கில் ரத்தம் போயிருக்கிறது, நீ மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாய். கடைசியில் காட்டியபோது பெருங்குடலின் முடிவில் கட்டி. வேலூரில் சேர்த்திருந்தார்கள். தாய் செல்லுக்குப் புத்தகத்தில் மூலச் செல் என்று இன்னொரு பேர் உண்டு என்று உனக்கு ஒருமுறை சொல்லியிருந்தேன். வார்டுக்குள் நான் நுழைந்ததும் நீ சொன்ன முதல் பேச்சு, “மூலம்னு நெனச்சேன்க்கா, பாத்தா மூலச் செல்லு.” அதற்கும் நீயே சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் உனக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்க இருந்தது. உன் வீட்டுக்காரர் கேன்டீனுக்குப் போயிருந்தார். நீ தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டாய்.

“அக்கா, அந்த எக்ஸ்ரே ரூம்ல நின்னுக்கினு இருந்தனே, அதாலதான் வந்துச்சா?”

பஸ்ஸில் வழியெல்லாம் இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் வந்தேன். பதிலையும் தயார் பண்ணி வைத்திருந்தேன். சீச்சீ, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று படபடவென்று சொன்னேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அன்று நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாயே, அதே பார்வை. அப்புறம் மெதுவாக, “மேடம்” என்றாய்.

எத்தனையோ வருடம் கழித்து அந்த மேடம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவ்வளவு கொஞ்சமாகப் பட்டதில் நோய் வரும் வாய்ப்பு கூடினாலும் மிகக் கொஞ்சமே கூடும், கூடாமலும் இருக்கலாம். பேட்ஜ் உன்மேல் இருந்திருந்தால் ஓர் அளவு தெரிந்திருக்கும், அவ்வளவுதான். ஒருவர் உடம்பில் வந்த கட்டியைப் பார்த்து இது இதனால்தான் என்று சொல்ல இன்றைக்கும் யாராலும் முடியாது. கதிர் பட்டு, சாக வேண்டிய ஒரு செல் சாகாமல் நின்றிருக்கலாம். கதிரே படாமலும் அப்படி ஒன்று நின்றிருக்கலாம். ரோஷம் கெட்டது என்று நீ முனகினாய். “தெரியல” என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

தலையணைக்கு அடியிலிருந்து கைப்பையை இழுத்து, மஞ்சள் கவுன்ட்டரை எடுத்து என் விரலில் மாட்டினாய். ஒரு தபா அமுக்கு என்றாய். அமுக்கினேன். ஒன்பது, பத்து ஆனது. அதைக் கழற்றி மறுபடி உன் பைக்குள் போட்டுக்கொண்டாய்.

“இல்லன்னு நீ சொன்னப்போ, ஆமான்னே முடிவு பண்ணிட்டேன்க்கா. நீயே பொய் சொல்ற அளவுக்கு ஆயிப்போச்சேன்னு. தெரியலன்னா தெரியல. அந்தே.”

அந்தே என்றால் தெலுங்கில் அவ்வளவுதான். லேபில் ஒரு தகட்டை எண்ணி முடித்ததும் நீ சொல்கிற வார்த்தை அது. அன்று உன் வீட்டுக்காரர் வாங்கி வந்த இட்லியை நீ மிச்சம் வைக்காமல் தின்றாய். மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, இப்போதுதான் சாப்பிடுகிறாள் என்று அவர் என்னிடம் வாசலில் வந்து சொன்னார். நான் என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.

பங்காருபாளையம் மண்டிக்கு மாங்காய் லாரிகள் போய்க்கொண்டிருந்த மாதத்தில் நீ போனாய். நகரியில் காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் கவுன்ட்டரை என் கையில் கொடுத்தார். என்னிடம் சேர்க்கும்படி நீ சொல்லியிருந்தாயாம். அங்கிருந்து திருத்தணிக்கு அம்மா வீட்டுக்குப் போக ரயிலேறினேன். அடுத்த ஸ்டேஷன் பேட்டை. கை தானாகப் போனை எடுத்துவிட்டது. வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை என்று முழுசாக, சத்தமாகவே சொன்னேன். எதிரில் இருந்தவர் ஆமாம்மா, நிக்கும், எறங்கலாம் என்றார்.

உன் தங்கை இப்போது சித்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். தினமும் அந்த அறையில்தான் நிற்கிறேன், எனக்கும் அக்காவுக்கு ஆன மாதிரி ஆகுமா என்று கேட்டாள். உன்னிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன், இந்தத் தடவை முதலிலேயே. பிறகு, உன் பேட்ஜ் எங்கே என்றேன். “ஆணிலக்கா” என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைப் பார்த்திருந்தால் சிறுகுடல் என்ற பேர் பொருத்தம்தான் என்று நீ சொல்லியிருப்பாய். சாமிக்கு ஒன்றும் ஆகாது, நீ மாட்டிக்கோடி என்று கத்தினேன். ஏப்ரன் கிழிந்திருந்தால் உன் முதலாளியை மாற்றித் தரச் சொல், தராவிட்டால் என்னிடம் பேசச் சொல், குழந்தையைப் பிடிக்க அதன் அப்பாவுக்கு ஏப்ரன் மாட்டி நிறுத்து, நீ தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போ என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நேற்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். நெஞ்சில் பேட்ஜ். பின்னால் சுவரில் சாமி காலண்டர், அதற்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒன்றும் இல்லை. உன்னிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது.

இன்று கவுன்ட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் அந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக நான் யாரிடமும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஆறு வருடமும் பேட்ஜ் உன் நெஞ்சில் இருந்து, அதைப் பார்த்து யாராவது உன்னை வெளியே நிறுத்தியிருந்தால், நீ இன்று இருந்திருப்பாயா? ஆமாம் என்றால் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைப்பார். இல்லை என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். மஞ்சளை விரலில் மாட்டி ஒரு தபா அமுக்கினேன். பேட்டரி இன்னும் போகவில்லை. பதினொன்று.

அந்தே என்று சொல்லத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.